சித்தாரும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில்: சுருதி நிற்க என்ன வழி?

கேள்வி: பாளையங்கோட்டையில் திறந்தவெளிக் கச்சேரி. சித்தார், கீபோர்டு, பேஸ் கிட்டார், கூடவே வில், குடம், உடுக்கை. நாலு மணிக்குச் சேர்த்த சுருதி ராத்திரி ஏழுக்கு நிக்க மாட்டேங்கு. கீபோர்டில் கார்டு (பல ஸ்வரம் சேர்த்து ஒரே நேரத்தில்) போட்டா காந்தாரம் (ஸரிகமவின் 'க') உரசுது. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

பதில் 1: வெயிலில் சூடான கம்பி தளரும், இருட்டியதும் குளிர்ந்து இறுகிச் சுருதி ஏறிரும். நாலு மணிக்குச் சேர்த்தது வீண். மேடையிலேயே நிழலில் அரைமணி நேரம் உறையைத் திறந்து வச்சிட்டு, தொடங்குமுன் சுருதி சேர்த்துக்கோங்க. முதலில் மேல்தந்திகள், பிறகு அடியிலுள்ள தரப் தந்திகள் (மீட்டாமலே கூட அதிர்பவை), பதினொன்றோ பதிமூன்றோ, ராகத்தின் ஸ்வர வரிசைப்படி. ஒரு தரப் பிசகினாலும் நாதம் மங்கும்.

பதில் 2: காந்தாரம் உரசக் காரணம் வேற. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரத்தைவிட (பெரிய 'க') கீபோர்டின் காந்தாரம் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். சித்தார் மெட்டை (தண்டில் கட்டிய உலோக வளைவு) நகர்த்தலாம், கீபோர்டு கட்டையை முடியாதுல்லா? அதனால ஸட்ஜம், பஞ்சமம் மட்டும் பிடிக்கச் சொல்லுங்க. சித்தாரில் மீண்ட் (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைப்பது) இழுக்கும்போது கீபோர்டு சும்மா இருக்கணும். சித்தார் சுருதி ஒன்றரைக் கட்டைன்னா (C#) கீபோர்டில் சுருதி மாத்துற டிரான்ஸ்போஸ் கூட்டல் ஒன்று.

பதில் 3: வில்மணிச் சத்தம் சித்தார் மைக்கில் புகுந்தா எல்லாம் கலங்கிரும். வில்லை மேடையின் மறுகோடியில் வைங்க. சித்தார் மைக், குதிரையிலிருந்து (தந்திகள் ஏறி நிற்கும் கட்டை) ஒரு சாண் தள்ளி. மைக் ஊளையிட்டா முதலில் மேடை மானிட்டர் ஸ்பீக்கரைக் குறைங்க. கரஜ் தந்தி (கீழ்ஸ்தாயித் தடித்த தந்தி) இல்லாத சித்தார்னா அதன் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிரலாம், பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைக்கும்.