டெம்ப்ளேட்டில் ஆபரேட்டர் எழுதி எரர் வாங்கிய அனுபவம்

நாகர்கோவிலில் கோணம் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் சி++ (ஒரு புரோகிராமிங் மொழி) வேலை பார்க்கிறேன். பல வருஷமாக ஓடுகிற மேட்ரிக்ஸ் லைப்ரரி ஒன்று எங்களிடம் இருக்கிறது, முழுக்க டெம்ப்ளேட், அதாவது எண்ணின் வகையை 'டி' என்று காலியாக விட்டு எழுதி, பயன்படுத்தும்போது கம்பைலர் நிரப்பிக்கொள்ளும் அச்சு. அதில் * ஆபரேட்டர் மேட்ரிக்ஸுக்கும் எண்ணுக்கும் ஒரே டி-யைத்தான் கேட்கும். டபுள் (தசம எண் வகை) மேட்ரிக்ஸை 2.0 ஆல் பெருக்கினால் ஒழுங்காக கம்பைல் ஆகும். வெறும் 2 என்று போட்டால் 'நோ மேட்ச் ஃபார் ஆபரேட்டர் *' என்று ஆரம்பித்து ஜிசிசி கம்பைலர் திரை நிறைய எரரைக் கொட்டிவிடும்.

பக்கத்து சீட்டு குளச்சல்காரர்தான் சொன்னார்: "மக்கா, மேல கெடக்கத விடு, கீழ நோட்டுன்னு வருதுல்லா, அத வாசி." அங்கே தெளிவாகவே இருந்தது, டி என்பதற்கு மேட்ரிக்ஸிலிருந்து டபுள், 2-இலிருந்து இன்ட் (முழு எண் வகை), இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று. டெம்ப்ளேட் வகையைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் கம்பைலர் இன்ட்டை டபுளாக மாற்றிப் பார்க்காது.

நிறைய பேர் இதற்கு அழைக்கிற இடத்தில் எல்லாம் 2-ஐ 2.0 ஆக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நாளைக்கு யாராவது ஃப்ளோட் (டபுளைவிடச் சிறிய தசம வகை) மேட்ரிக்ஸ் எடுத்தால் அந்த 2.0 டபுளாகவே நிற்கும், அதே எரர் திரும்ப வரும். ஆபரேட்டரை ஃபிரண்ட் (கிளாசின் உள்விஷயங்களைத் தொட அனுமதி பெற்ற வெளி ஃபங்ஷன்) என்று போட்டு உடம்போடு மேட்ரிக்ஸ் கிளாசுக்குள்ளேயே எழுதுங்கள். அப்போது ஒவ்வொரு வகை மேட்ரிக்ஸுக்கும் அது ஒரு சாதாரண ஃபங்ஷனாகப் பிறக்கும், 2 தானாகவே டபுள் ஆகும். சம்பந்தமில்லாத எரர்களில் இந்த ஆபரேட்டர் வந்து பட்டியலை நீட்டுவதும் நிற்கும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. அறிவிப்பை மட்டும் உள்ளே வைத்துவிட்டு உடம்பை வெளியே தனி டெம்ப்ளேட்டாக எழுதினால் கம்பைல் தாண்டிவிடும், கடைசியில் துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (உடம்பைக் காணோம்) என்று பிடித்துக்கொள்ளும். << (அச்சிடும் ஆபரேட்டர்) எழுதும்போது இது அடிக்கடி நடக்கிறது.

பதில்:

அண்ணா, நான் மார்த்தாண்டம். நாங்க பட்டது == (இரண்டும் சமமா என்று பார்க்கும் ஆபரேட்டர்) இல். சி++17 இல் சத்தமில்லாமல் ஓடின புரோகிராம், சி++20 க்கு மாற்றினதும் 'ஆம்பிகுவஸ்' (எதை எடுப்பது என்று தெரியவில்லை) என்று எச்சரிக்கை, எங்க பில்டில் எச்சரிக்கை வந்தாலே எரர்தான். சி++20 இல் == ஐ இடம்வலம் மாற்றியும் கம்பைலர் முயன்று பார்க்கும். எங்க கிளாசுக்குள் மெம்பராக இருந்த == முடிவில் கான்ஸ்ட் (பொருளை மாற்றாது என்ற குறி) இல்லை, அதனால் இரண்டு வழியும் சமமாக நின்றுவிட்டது. கான்ஸ்ட் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அந்த எச்சரிக்கையை ஆஃப் செய்யலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது, நல்லவேளை யாரும் செய்யவில்லை.