மறு: கஸ்டம் போஸ்ட் டைப் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வேர்ட்பிரஸ் என்பது வலைத்தளம் கட்டும் மென்பொருள். அதில் இடுகை, பக்கம் தவிர நமக்கு வேண்டிய உள்ளடக்க வகையை நாமே அமைத்துக்கொள்வதைத்தான் கஸ்டம் போஸ்ட் டைப் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்தவை: தனிப்பயன் இடுகை வகை, பதிவு வகை, பதிவுத்திணை. நான் முன்பு ஒரு வரியில் சொல்லிவைத்த சொல் பதிவினம், அதையே இப்போதும் முன்வைக்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் அடித்துத் திருத்துங்கள்.

இழையைத் தொடங்கிய நண்பர் மொழிபெயர்ப்புக் கோப்புக்காகக் கேட்டார். எனக்கு இந்தச் சொல் தேவைப்படுவது வேறு இடத்தில். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று சின்னச் சின்ன இடங்களுக்கு வேர்ட்பிரஸில் தளம் கட்டிக் கொடுக்கிறேன். கட்டி முடித்தபின் அதை நாள்தோறும் கையாளப்போகிறவர் அங்கே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். அவர் இன்னொருவரைக் கூப்பிடாமல் தளத்தை நடத்த முடிகிறதா என்பது, தீம் (தளத்தின் தோற்றம்) எவ்வளவு அழகு என்பதில் இல்லை. போஸ்ட் டைப்புகளை நாம் எப்படிப் பிரித்து வைத்தோம் என்பதில் இருக்கிறது. அதனால் இந்தச் சொல்லைப் புதிதாக வேலை கற்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கும்போது சொல்லே பாதி வேலையைச் செய்ய வேண்டும்.

> ‘இடுகை வகை’ என்பது நேரடியாகவும் எளிதாகவும் இருக்கிறதே. ஏன் மாற்ற வேண்டும்?

இங்கேதான் எனக்குச் சிக்கல். வேர்ட்பிரஸ் 2003இல் வலைப்பதிவு எழுதுவதற்கென்றே வந்த மென்பொருள். பி2 என்ற பழைய வலைப்பதிவு நிரலிலிருந்து கிளைத்தது. அப்போது எழுதுவதெல்லாம் இடுகைதான், வேறு எதுவும் கிடையாது. 2005இல் 1.5 பதிப்பு வந்தபோது ‘பக்கம்’ சேர்ந்தது. எங்களைப் பற்றி, தொடர்புக்கு என்று தேதி சாராத பக்கங்களை வைக்க முடிந்தபிறகுதான் இந்த மென்பொருளை வைத்துக் கடைக்கும் பள்ளிக்கும் தளம் கட்டலாம் என்ற எண்ணமே பலருக்கு வந்தது. 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பிலிருந்து நாமே புதுப்புது போஸ்ட் டைப்புகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அட்மினில் (நிர்வாகத் திரையில்) தனிப் பட்டி, அதாவது மெனு, வைத்துக்கொள்வது எளிதானது.

ஆனால் உள்ளே பழைய வீடு அப்படியே இருக்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். இடுகை, பக்கம், ஏற்றிய படத்தின் விவரம், திருத்தத்தின் பழைய படி, பட்டியில் இருக்கும் ஒவ்வோர் இணைப்பு எல்லாமே போஸ்ட்ஸ் என்ற ஒரே அட்டவணையில் வரிசை வரிசையாகக் கிடக்கும். இது எது என்று பிரித்துச் சொல்வது போஸ்ட் டைப் என்ற ஒரே ஒரு நெடுவரிசை. ஆக, ஆங்கிலத்தில் போஸ்ட் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. வலைப்பதிவில் எழுதும் இடுகைக்கும் அதுதான் பெயர், அட்டவணையில் இருக்கும் எந்த வரிசைக்கும் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் படிப்பவர்களே இதில் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

ஒரு வாக்கியத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ‘பக்கம் என்பது ஓர் இடுகை வகை’ என்றால், கற்கும் பிள்ளை உடனே கேட்பான்: “இடுகை வேறு, பக்கம் வேறு என்று நேற்றுத்தானே சொன்னீர்கள்?” அவன் கேட்பதில் தவறே இல்லை. ‘இடுகையும் ஒரு பதிவினம், பக்கமும் ஒரு பதிவினம், நாளை நாம் சேர்க்கப்போகும் சுற்றறிக்கையும் ஒரு பதிவினம்’ என்று சொன்னால் கேள்வி எழாது. இடுகை என்ற சொல்லை நம் வலைப்பதிவர்கள் போஸ்ட் என்பதற்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதை அந்த இடத்திலேயே விட்டுவைப்போம். அட்டவணை வரிசைக்குப் பதிவு பொருத்தமாக இருக்கும். பதிவாளர் அலுவலகம், பதிவேடு, வருகைப்பதிவு என்று எங்கெல்லாம் ஒன்றைக் குறித்துவைக்கிறோமோ அங்கெல்லாம் ஏற்கெனவே இந்தச் சொல் இருக்கிறது. ஒரு புடவையின் விவரமோ ஓர் ஆசிரியரின் விவரமோ இடுகை ஆகாது, பதிவு ஆகும்.

> அப்படியானால் ‘பதிவு வகை’ போதுமே. இனம் எதற்கு?

வகை என்ற சொல்லை கேட்டகரிக்குப் பலர் எழுதிப் பழகிவிட்டார்கள். பகுப்பு என்று எழுதுகிறவர்களும் உண்டு, ஆனால் வகை ஒழியப்போவதில்லை. சுற்றறிக்கை என்பதற்குள்ளேயே தேர்வு, விடுமுறை, கட்டணம் என்று வகைகள் வரும். பதிவு வகையின் வகை என்று பேச ஆரம்பித்தால் முடிந்தது கதை.

திணை பரிந்துரைத்த ஐயாவின் வாதம் அழகானது. உயர்திணை, அஃறிணை என்று பாகுபாட்டைக் குறிப்பதால் பொருளும் பொருந்துகிறது. ஆனாலும் திணை என்றதும் குறிஞ்சியும் முல்லையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நிரலருக்கு அவ்வளவு கனம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் இனம் என்ற சொல்லுக்குத் தெரிவித்த தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே அந்தச் சொல் சுமக்கும் பொருள் சாதாரணமானதல்ல. வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்புத் தளத்தில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு கோப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு கரைக்கு மட்டும் பொருந்தும் சொல் நமக்கு வேண்டாம். ஆனால் வல்லினம், மெல்லினம், இடையினம் என்பதை இரண்டு கரையிலும் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். பதினெட்டும் மெய்யெழுத்துதான், அவற்றுக்குள் மூன்று இனம். நமக்கு வேண்டிய பொருளும் இதேதான்: எல்லாம் பதிவுதான், அவற்றுக்குள் இனங்கள். கூட்டுச்சொல்லாக வரும்போது அந்த இலக்கணப் பொருள்தான் மேலே நிற்கும் என்பது என் நம்பிக்கை. நண்பருக்கு அப்போதும் உறுத்தினால் சொல்லட்டும், காத்திருக்கலாம்.

புணர்ச்சியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிவு + ஏடு பதிவேடு ஆவதுபோல் பதிவு + இனம் பதிவினம். பதிவினத்தில், பதிவினங்கள், பதிவினப் பட்டி என்று உருபு ஏற்கும்போதும் நாக்கில் தடங்கல் இல்லை.

அப்புறம், இந்தச் சொல்லை வாடிக்கையாளர் பார்க்கவே கூடாது என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். இது நமக்குள் பேசும் சொல். அவர் திரையில் அவருடைய சொல்தான் இருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களுடைய பழைய தளத்தில் எல்லாவற்றையும் இடுகையாகவே போட்டுவந்தார்கள். பெற்றோர் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. அலுவலக அம்மா விவரத்தை எழுதிவிட்டு, தேதி என்று கேட்ட இடத்தில் அந்த வெள்ளிக்கிழமையைக் கொடுத்துவிட்டார். வலைப்பதிவு மென்பொருளுக்கு அந்தத் தேதி வெளியிடும் தேதி. அது இடுகையைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்து, கூட்டம் நடக்கும் அன்றைக்குத்தான் தளத்தில் காட்டியது. அந்த அம்மா மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது. சுற்றறிக்கையில் தேதி என்றால் கூட்டத்தின் தேதிதான். வலைப்பதிவரின் பழக்கத்தை அவர் மேல் ஏற்றிவிட்டது தளத்தை அமைத்த முறை.

சுற்றறிக்கை என்று ஒரு பதிவினம் அமைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். நிகழ்வு நாளுக்குத் தனிப் புலம் வைத்து, தளத்தில் அந்த நாளை வைத்தே வரிசைப்படுத்தலாம். நாள் கடந்தவற்றை முகப்பில் காட்டாதபடி அமைத்துவிட்டால், கூட்டம் முடிந்ததும் அது தானே இறங்கிவிடும். கமெண்ட் பகுதி சுற்றறிக்கைக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம். பிளாக் எடிட்டரில் (எழுதும் திரையில்) எந்த வகுப்புக்கு, என்ன விஷயம், விவரம் என்று கட்டங்களை முன்பே அடுக்கிப் பூட்டியும் வைக்கலாம், கை தவறி எதுவும் கலையாது. கூடவே அவருடைய பயனர் கணக்குக்கு ‘எடிட்டர்’ என்ற பொறுப்பை மட்டும் கொடுத்தால் பிளகின், தீம், செட்டிங்ஸ் எதுவும் அவர் கண்ணில் படாது.

பெயர்ப்பட்டிகளில்தான் (திரையில் தெரியும் லேபிள் வாசகங்களில்தான்) நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பதிவினத்தின் பெயரை மட்டும் ‘சுற்றறிக்கைகள்’ என்று கொடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், உள்ளே போனதும் மென்பொருளின் பொது வாசகம்தான் வரும். போஸ்ட் சேர், போஸ்ட் எதுவும் இல்லை என்ற பாணியில். ‘புதிய சுற்றறிக்கை எழுது’, ‘சுற்றறிக்கை எதுவும் இல்லை’ என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அந்த வேலையைச் செய்த தளத்தில் அலுவலக அம்மா யாரையும் கேட்காமல் எழுதுகிறார்.

> பெயர்ப்பட்டி தமிழில் இருந்தால் முகவரியும் தமிழிலேயே வைக்கலாமா?

நிரலுக்குள் வரும் பதிவினத்தின் உட்பெயர் தமிழில் அமையாது. சிறிய ரோமன் எழுத்து, எண், கோடு மட்டும்தான், அதுவும் 20 எழுத்துக்குள். தளத்தின் முகவரியில் (URL) தமிழ் வரலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துக்கு யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ‘சுற்றறிக்கை’ என்பதில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறிகள், அதாவது 99 எழுத்து. ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு அட்டவணையில் இருக்கும் இடம் 200. தலைப்பைத் தமிழில் கொஞ்சம் நீளமாக எழுதினாலே முகவரி பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சதவீதக் குறிகளின் நீண்ட வாலாகப் போய்ச் சேர்வதும் உண்டு. முகவரியைச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். தலைப்பும் உள்ளடக்கமும் பெயர்ப்பட்டிகளும் முழுக்கத் தமிழில் இருக்கட்டும்.

ஆக என் முன்மொழிவு: வலைப்பதிவில் எழுதும் போஸ்ட் – இடுகை, அட்டவணை வரிசையான போஸ்ட் – பதிவு, போஸ்ட் டைப் – பதிவினம், நாமே அமைப்பது – தனிப் பதிவினம். தனிப்பயன் என்ற நீண்ட அடை தேவையில்லை, தனிப்பாடல், தனியறை என்பதுபோல் ‘தனி’ போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஒரு பதிவினத்தின் எல்லாப் பதிவுகளையும் பட்டியலிடும் பக்கத்தை ஆர்க்கைவ் என்கிறோம். காப்பகம் என்றால் பழையதைப் பூட்டிவைத்த இடம்போல் தொனிக்கிறது. நேற்று வந்த சுற்றறிக்கையும் அங்கேதான் இருக்கும். தொகுப்பு, நிரல், திரட்டு இவற்றில் எது சரி? திரட்டு என்பதை, பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளோடு குழப்பிக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். நிரல் ஏற்கெனவே புரோகிராமுக்குப் போய்விட்டது. தொகுப்பு பக்கம் சாய்கிறேன், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.