டயப்பர் புண்ணுக்குப் பவுடர் தூவச் சொன்னவருக்கு ஒரு மறுப்பு

வைகைக்கரையாள்:
ஒன்பது மாதக் குழந்தைக்குத் தொடை இடுக்கில் தோல் சிவந்து வெந்துபோயிருக்கிறது, திங்கட்கிழமைதான் மருத்துவரைப் பார்க்க முடியும், அதுவரை என்ன செய்யலாம் என்று ஒரு தாய் நேற்று இங்கே கேட்டிருந்தார். அதற்குப் பொருநைமைந்தன் தந்த பதிலைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. "பவுடரை நன்றாகத் தூவுங்கள், மெடிக்கலில் படைக்குத் தரும் களிம்பை ஒரு வாரம் தடவுங்கள், மருத்துவரே வேண்டியிருக்காது" என்கிறார். பச்சைக் குழந்தை விஷயத்தில் இப்படி அடித்துச் சொல்ல இவருக்கு எங்கிருந்து துணிவு வருகிறது? வெந்த தோலில் தூவிய பவுடர் சிறுநீரோடு சேர்ந்து கட்டிகட்டியாக மடிப்புக்குள் தங்கி, குழந்தை காலை அசைக்கும்போதெல்லாம் மேலும் உரசும். அதைவிடப் பெரிய ஆபத்து, தூவும்போது பறக்கும் துகள் குழந்தையின் மூச்சில் ஏறி நுரையீரலுக்குள் போவதுதான். பவுடர் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் எச்சரிப்பது இதனால்தான்.

திங்கட்கிழமை வரை அந்தத் தாய் செய்ய வேண்டியது மிக எளியது. நனைந்ததும் மாற்ற வேண்டும். வாசனை ஊட்டிய ஈரத்தாளை ஒதுக்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். சற்று நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விட்டு, தோல் உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பையோ வாசலினையோ தோல் தெரியாத அளவுக்குக் கனமாகப் பூச வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்குப் பட்ட மேல்பூச்சை மட்டும் எடுத்தால் போதும். அடி வரை சுரண்டினால் புண்தான் பெரிதாகும்.

பொருநைமைந்தன்:
அம்மையார் பொரிந்து தள்ளிவிட்டார். எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்திலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் குளிப்பாட்டியதும் பவுடர் போட்டுத்தான் வளர்த்தோம். ஒருவருக்கும் நுரையீரல் கெட்டுப்போகவில்லை. ஈரம்தான் புண்ணுக்குக் காரணம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த ஈரத்தை உறிஞ்சும் பொருளை மட்டும் போடக்கூடாது என்கிறீர்கள். பவுடரை உள்ளங்கையில் கொட்டி, முகத்துக்கு எட்டாத இடத்தில் வைத்துத் தடவினால் துகள் எங்கே பறக்கும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நம் ஊர் மே மாத வெயிலும் வேர்க்குருவும் தெரியாது.

வைகைக்கரையாள்:
நேற்று நன்றாகத் தூவச் சொன்னவர் இன்று உள்ளங்கைக்கு வந்திருக்கிறார். உள்ளங்கையில் எடுத்தாலும் மடிப்புக்குள் போய்க் கட்டுவது நிற்காது. 1972இல் பிரான்சில் குழந்தைகளுக்கான ஒரு பவுடரில் ஹெக்ஸாகுளோரோபீன் என்ற கிருமிக்கொல்லி அளவுக்கு மீறிக் கலந்துபோய், அது வெந்த தோல் வழியாக உடலுக்குள் ஏறி, 36 குழந்தைகள் இறந்தன. புண்பட்ட இடுப்புப் பகுதியில் போடும் மருந்து எளிதில் உள்ளே போகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்தது நீங்கள் சொன்ன களிம்பு. படைக்கென்று மெடிக்கலில் கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. டயப்பர் இறுக்கி மூடியிருக்கும் இடத்தில் தடவினால் அது இன்னும் கூடுதலாக உள்ளே இறங்கும். தோல் மெலிந்துபோகும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலையும் குறையக்கூடும். முதல் இரண்டு நாள் சிவப்பு தணிவதைப் பார்த்து மருந்து கேட்கிறது என்று வீட்டார் நம்பிவிடுவார்கள்.

பொருநைமைந்தன்:
பிரான்சில் குழந்தைகளைக் கொன்றது ஹெக்ஸாகுளோரோபீன், பவுடர் அல்ல. பாலில் விஷம் கலந்து கொடுத்துவிட்டுப் பால்மீது பழி போடுவது என்ன நியாயம்? வழக்கமான பவுடரில் இருக்கும் டால்க் என்ற கல்மாவு வேண்டாம் என்றால் சோளமாவுப் பவுடர் இருக்கிறது. ஜான்சன் நிறுவனமே டால்க்கை விட்டுச் சோளமாவுக்கு மாறப்போவதாக 2022இல் அறிவித்தது. உள்ளங்கையில் எடுத்துத் தடவினால் துகள் எப்படிப் பறக்கும் என்ற கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

கொங்குத்தாய்:
இருவரும் பவுடரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். டயப்பரைப் பற்றி யாருமே பேசவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பில் கட்டிய காலத்தில் இந்தப் புண் இவ்வளவு இல்லை. இரவெல்லாம் ஒரே டயப்பரில் கிடத்திவிட்டுக் காலையில் களிம்பைத் தேடுகிறார்கள். துணிக்கு மாறித் தேங்காய் எண்ணெய் தடவினால் திங்கட்கிழமைக்குள் தணிந்துவிடும்.

வைகைக்கரையாள்:
அம்மா, நனைந்த துணியை உடனே மாற்றாவிட்டால் அதுவும் இதே புண்ணைத்தான் தரும். துவைத்த சோப்பு சரியாக அலசப்படாமல் துணியில் தங்கினாலும் தோல் சிவக்கும். வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்தப் புண்ணை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய் எண்ணெயால் பெரும்பாலும் கெடுதல் இல்லை; பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில் அது குழந்தைகளின் கரப்பானில் பலன் தந்தது. ஆனால் அது வறண்ட தோலுக்கு. சிறுநீரும் மலமும் படும் இடத்தில் காப்புப் பூச்சாக நிற்கும் கனம் அந்த எண்ணெய்க்குக் கிடையாது.

கொங்குத்தாய்:
நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. இரண்டு பிள்ளைகளைத் துணியிலேயே வளர்த்தவள் சொல்கிறேன். பதில் எழுதும் வேகத்தில் எதிரில் இருப்பவரின் வயதையும் அனுபவத்தையும் மறந்துவிடாதீர்கள்.

மருந்துக்கடைத்தம்பி:
நான் மருந்தாளுநர் என்பதால் குறுக்கிடுகிறேன். படைக்குத் தரும் களிம்பு என்று சொல்லி எல்லாப் பழியையும் மெடிக்கல்காரர்கள் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018இல் அட்டவணை எச் பிரிவுக்குள் தெளிவாகக் கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டில்லாமல் நான் மறுத்தால், பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். பொருநைமைந்தன் ஐயா போன்றவர்கள் பொதுவெளியில் பரிந்துரைப்பதால்தான் பாதிப்பேர் பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள்.

வைகைக்கரையாள்:
தம்பி, நீங்கள் மறுக்கிறீர்கள், நல்லது. பக்கத்துக் கடை கொடுக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

நேற்றுக் கேட்ட தாய்க்கு முக்கியமானது இது. சாதாரண டயப்பர் புண் பிட்டத்திலும் தொடையின் மேல்பகுதியிலும், அதாவது டயப்பர் உரசும் மேடான இடங்களில்தான் பெரும்பாலும் வரும். மடிப்பின் உள்பக்கம் தப்பித்துவிடும். அவருடைய குழந்தைக்கு மடிப்புக்குள்ளேயே இரத்தச் சிவப்பாக இருப்பதாகவும், ஓரத்தில் தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். இது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், குறிப்பாக அண்மையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலோ, வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவு இருந்தாலோ. இதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். வெறும் ஸ்டீராய்டு பூஞ்சையை வளர்த்துவிடும், பவுடர் அதை மறைத்துவிடும். திங்கட்கிழமை மருத்துவர் பார்க்கும்போது எந்தப் பூச்சும் இல்லாமல் தோல் தெரிய வேண்டும். இன்றே பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

காய்ச்சல் வந்தாலோ, நீர்க்கொப்புளமோ சீழோ தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் உடலில் எங்கே தெரிந்தாலும் அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பொருநைமைந்தன்:
இவ்வளவு நீளமாக எழுதியும் உள்ளங்கைப் பவுடருக்குப் பதில் இல்லை. படத்தைக்கூடப் பார்க்காமல் பூஞ்சை என்று முடிவு கட்டும் இவர், நான் களிம்பைச் சொன்னால் மட்டும் மருத்துவர் இல்லையே என்கிறார். சென்ற மாதம் குழந்தையின் காதில் எண்ணெய் விடுவது பற்றிய பேச்சிலும் இதே கதைதான். என்னை எல்லோர் முன்னாலும் படிக்காதவன்போல நடத்தினார். அந்த வஞ்சத்தைத்தான் இப்போது பவுடர்மீது தீர்க்கிறார்.

வைகைக்கரையாள்:
காதில் எண்ணெய் விடக்கூடாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பூஞ்சையாக இருக்க வாய்ப்பு என்றுதான் எழுதினேன், முடிவு மருத்துவருடையது. பவுடரை உள்ளங்கையில் எடுத்தாலும் வேண்டாம், பஞ்சில் எடுத்தாலும் வேண்டாம், சோளமாவானாலும் வேண்டாம். களிம்பை ஒரு வாரம் தடவச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா இல்லையா?

பொருநைமைந்தன்:
முதலில் பவுடருக்குப் பதில் சொல்லுங்கள். களிம்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கொங்குத்தாய்:
துணியைப் பற்றி நான் சொன்னதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.