ஏரிக்கரை வீட்டில் மாலையானால் இணையம் நின்றுவிடுகிறது

ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பகுதியில், ஏரியோரம் எங்கள் கோடை வீடு. கம்பிவழி இணையம் கிடையாது. சிம் போடும் 4ஜி ரூட்டர்தான். மே மாதம் நன்றாக ஓடியது. மேப்பிள் இலைகள் அடர்ந்தபின் சிக்னல் -102இலிருந்து -114 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்திலிருந்து விலக விலக வலு குறைவு) இறங்கிவிட்டது. வெள்ளி, சனி மாலைகளில் அடியோடு நின்றுவிடுகிறது. விடியற்காலையில் ஓரளவு வருகிறது. அம்மா பேரப்பிள்ளைகளுடன் அங்கே தனியாக இருக்கிறார். கைபேசியும் வைஃபை வழியாகத்தான் பேசும் என்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது.

ரூட்டரை மாடி ஜன்னலில் வைத்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், சிம்மையும் மாற்றினேன். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பயன்படுத்தும்படி ரூட்டரைப் பூட்டியதும் சிக்னல் ஏறியது, மாலை வேகம் ஏறவில்லை. கைபேசிக் கோபுரம் அக்கரையில், மரங்களுக்குப் பின்னால். ரூட்டரில் வெளி ஆன்டெனாவுக்கு இரண்டு எஸ்எம்ஏ (திருகிப் பொருத்தும்) இணைப்புகள் உள்ளன.

கூரையில் கோபுரத்தை நோக்கிய திசை ஆன்டெனா பொருத்தினால், பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வார இறுதி நெரிசலிலும் அழைப்புகள் அறுபடாமல் இருக்குமா?