கேள்வி கேட்டேன், ஒரு மைக்கும் திறக்கவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

சாக்பீஸ்:
போன செமஸ்டர் ஆன்லைன் புள்ளியியல் வகுப்பு, 58 பேர். சராசரியும் இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எப்போது ரொம்ப விலகிப் போகும் என்று கேட்டேன். வழக்கம்போல் கருப்புக் கட்டங்கள். சரி என்று நானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். எல்லோரும் வெளியேறிய பிறகுதான் சாட்டைப் பார்த்தேன். எனக்கு மட்டும் வந்திருந்த ஒரு செய்தி: "மேம், ஒரு மதிப்பு மட்டும் ரொம்பப் பெரிசா இருந்தா?" நேரம் 10:14. அந்த நிமிடத்தில் நான் "யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிபெஞ்ச்:
நான் மாணவன். நேரடி வகுப்பில் தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், அதோடு போச்சு. சாட்டில் பெயரோடு அப்படியே நிற்கும். ஒருமுறை பதிலை மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்தேன். நான்காவது தடவை முடிப்பதற்குள் வேறொருத்தி அதையே போட்டுவிட்டாள். சார் "சூப்பர்" என்றார்.

நுண்கணிதம்:
கூச்சமெல்லாம் சாக்கு, தம்பி. மார்க் வைத்தால் எழுதுவார்கள் என்று நம்பி, ஆன்லைன் விவாதப் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 2 மார்க், இரண்டு பேருக்குப் பதில் கட்டாயம் என்றேன். கடைசி நாள் இரவு 11:50க்கு மேல் கொட்டியது பாருங்கள்! எல்லாம் "நல்ல கருத்து, உடன்படுகிறேன்." ஒருவர் உடன்பட்ட பதிவில் இருந்தது "டெஸ்ட்" என்ற ஒரே சொல். மூடுல் என்ற ஆன்லைன் பாடத்தளத்தில் கேள்வி-பதில் வகை விவாதம் ஒன்று உண்டே, தன் பதிலைப் போடாமல் அடுத்தவர் பதில் தெரியாது, அதற்கு மாற்றினேன். காப்பி குறைந்தது. பேச்சு கூடவில்லை.

பழைய வாத்தியார்:
மார்க் கொடுத்தும் பேசவில்லை என்றால் கூச்சம் எப்படிச் சாக்காகும், நுண்கணிதம்? நானும் இருபது நிமிடம் மியூட்டில் பாடம் நடத்தியவன்தான், அதை விடுங்கள். சாக்பீஸ் மேடம், கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் பொறுப்பது சுமார் ஒரு விநாடிதான். அதை 3 விநாடி ஆக்கியதுமே பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். அது நேரடி வகுப்பு. இங்கே மியூட்டை எடுக்கவே அவ்வளவு நேரம் ஆகும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்புறம், எல்லோரும் பதிலைத் தட்டி வைக்கட்டும், என்டர் அமுக்கக் கூடாது. "இப்போது" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். யார் தப்பும் தனியாகத் தெரியாது. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். வெறுமனே "விவாதியுங்கள்" என்று அனுப்பாமல், ஒரு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
ஐயா, நான் எண்ணவில்லை, உண்மைதான். ஆனால் உறுத்துவது அது இல்லை. பதில் வந்தது, நான்தான் பார்க்கவில்லை. மறுநாள் பெயர் சொல்லிப் பாராட்டலாமா என்று யோசித்தேன். எனக்கு மட்டும் அனுப்பியதே பெயர் வெளியே வரக் கூடாது என்றுதானே? தனியாக "சரியான பதில்" என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அவ்வளவுதான்.