பொருள்: எபிகுளோட்டைடிஸ் – கலைச்சொல் தேவை

அன்புடைய குழுவினர்க்கு,
கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விழுங்கும்போது மூச்சுவழியைக் காக்கும் சிறு மூடி, பெரும்பாலும் ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா b வகை) பாக்டீரியாவின் தொற்றால், சில மணி நேரத்திலேயே வீங்கிக் குழந்தையின் மூச்சை அடைத்துவிடும் நோய்க்குப் பெயர் வேண்டும். பழைய வரைவில் 'தொண்டை அடைப்பு' என்றிருக்கிறது. டிப்தீரியாவைத் தொண்டை அடைப்பான் என்று வழங்கும் நாட்டில் அச்சொல்லை ஏற்க இயலாது.

*

ஐயா,
குரல்வளைமூடி என்பதைவிட, தொண்டையைக் குறிக்கும் மிடறு என்ற சொல்லால் 'மிடற்றுமூடி அழற்சி' என்பதே தகும். 'தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ' என்று ஒலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் சுட்டியது மிடற்றையே. நஞ்சுண்டவனும் நீலமிடற்றனே அன்றி நீலக்குரல்வளையன் அல்லன். எலிவளை, நண்டுவளை போல வளை என்பது துளையைக் குறிக்கும். துளைக்குப் போட்ட மூடி என்று உறுப்பைச் சொல்வது அழகாகவா இருக்கிறது?

*

ஐயா, வணக்கம்.
நான் குழந்தை மருத்துவன். ஒரு மிடறு தண்ணீர் என்ற வழக்கில் மட்டுமே இன்று மிடறு மக்களிடம் இருக்கிறது. இந்நோயில் குழந்தையால் அந்த ஒரு மிடற்றையும் விழுங்க முடியாமல் எச்சில் வழியும். பள்ளிப் பாடநூலில் உள்ள குரல்வளை மூடியை வைத்து 'குரல்வளைமூடி அழற்சி' என்போம். என் கவலை வேறு. வரைவில் ஸ்ட்ரைடரை 'இளைப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும் செவிலியர் ஆஸ்துமா என்றெண்ணி ஆவிமருந்து கொடுத்துக் காலம் கடத்துவார். 'மூச்சை உள்ளிழுக்கையில் எழும் கரகரப்பொலி' என்று விரித்தே எழுதுங்கள். குரல்வளை வீங்கும் குரூப் (croup) நோயில் நாய் குரைப்பது போன்ற இருமல் இருக்கும். இதில் இருமல் அரிது, கடுங்காய்ச்சலோடு குழந்தை முன்சாய்ந்து, கைகளை ஊன்றி, வாய் திறந்து உட்கார்ந்திருக்கும். நாக்கை அழுத்தித் தொண்டைக்குள் பார்க்கவோ மல்லாக்கப் படுக்க வைக்கவோ கூடாது. தாயின் மடியில் அமர்ந்தபடியே, அழவிடாமல், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே முதலில் மூச்சுவழிக்குக் குழாய். பிறகுதான் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்து நரம்பு வழியாக.

*

அனைவருக்கும் நன்றி.
தமிழகத்தில் 2011 டிசம்பரில் ஹிப்பையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி வந்தபின் இப்பக்கமே தேவையா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஊசி தவறிய குழந்தைகள் உள்ளவரை தேவை. பெரும்பாலோர் ஒப்பியபடி 'குரல்வளைமூடி அழற்சி' என்றே அனுப்புகிறேன்.

*

ஐயா,
அனுப்புங்கள், என் மறுப்பு நிற்கிறது. உடம்படுமெய் இட்டுக் 'குரல்வளைமூடியழற்சி' என்று சேர்த்தாவது எழுதுவீர்களா?