பொருள்: வடக்கு வீதி லாரிகள், வேகத்தடை, புள்ளிக்கு 3000 ரூபாய்

அனுப்புநர்: செயலாளர், சிங்கப்பூர்

நம் செட்டிநாட்டு ஊரின் புள்ளிகளான குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய்க் கரையிலிருந்து இறங்கி வடக்கு வீதி வழியாகப் போகும் குவாரி லாரிகளைப் பற்றி ஊரிலிருந்து ஓயாமல் புகார் வருகிறது. புறவழிச் சாலை சுற்று என்பதால், ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் இரவெல்லாம் நம் வீதியில்தான் ஓடுகின்றன. கரைச் சரிவில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் கைக்குழந்தைகள் அலறி எழுந்துவிடுகின்றன. நகரத்தார் விடுதியின் முகப்புச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது.

இவ்வாண்டுக் காரியக்காரர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். விடுதி வாசலிலும் சிவன் கோயில் திருப்பத்திலும் இரண்டு கான்கிரீட் வேகத்தடைகள், எச்சரிக்கைப் பலகைகள், விரிசலுக்குச் சிமெண்டுப் பூச்சு என்று முடிவாகியிருக்கிறது. புள்ளிக்கு 3000 ரூபாய். பங்குனி உத்திரத்துக்குள் அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

அனுப்புநர்: கிழக்கு வளவு ஆச்சி, லண்டன்

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது குறைவு. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். முகப்பில் மாட்டியிருந்த பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். லாரி போகும்போதெல்லாம் ஆடி ஆடி ஆணி தளர்ந்துவிட்டதாம். வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி சுதையில் இடப்பக்கத்து யானையின் துதிக்கை விழுந்துவிட்டது. பட்டாலைச் சுவரில் கையை வைத்தேன். முட்டை வெண்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து எங்கள் ஐயா பூசிவைத்த பூச்சு, சிறுவயதில் முகம் பார்த்துத் தலை வாரிய அந்தச் சுவர், அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனவர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். ஓடு உடைந்து மழை உள்ளே இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தாலே சுவரில் அரசங்கன்று முளைத்திருப்பது தெரிகிறது. யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்புநர்: தெற்கு வீதி, மஸ்கட்

2019-இல் ஊரணிப் படித்துறைக்கு என்று புள்ளிக்கு 2000 வசூலித்தீர்கள். எத்தனை புள்ளி கொடுத்தது, கொத்தனாருக்கு எவ்வளவு போனது, மீதி எந்த வங்கியில் யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறேன். பேரேடும் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கும் இல்லாமல் ஒரு நாள் கடையைச் சாத்தாத கூட்டத்தில் பிறந்தவர்கள் நாம். ரங்கூனில் காலணா விடுபட்டாலும் விடிய விடிய விளக்கை எரியவிட்டுத் தேடினார்கள் என்று என் அப்பச்சி சொல்வார்கள். அந்தக் கணக்கு வரட்டும், பிறகு என் 3000 வரும்.

வேகத்தடைக்கு மதிப்பீடு கொடுத்தது யார்? ஒரே ஒரு ஒப்பந்தக்காரரிடம் மட்டும் விலை கேட்டிருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அனுப்புநர்: பெரிய வீடு, பினாங்கு

கணக்கு கேட்பது நியாயம். ஆனால் கணக்கு முடியும்வரை சுவர் காத்திருக்காது.

நான் இருக்கும் ஜார்ஜ் டவுனையும் மெலாக்காவையும் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மரபு மண்டலத்தில் 18 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப இங்கே விடமாட்டார்கள். பினாங்குத் தெருவில் நம் பெரியவர்கள் கிட்டங்கி என்ற வட்டிக்கடைகள் வைத்துத் தொழில் செய்த கட்டடங்களின் முகப்பை மாற்றுவதென்றால் மாநகர மன்றத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். நம்மவர்கள் பிழைக்க வந்த ஊரில் நம்மவர் கட்டடத்துக்குக் காவல் இருக்கிறது. பிழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய், பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் இறக்கி வீடு கட்டிய சொந்த ஊரில் எந்தக் காவலும் இல்லை. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிபட்டுப் போனபோது என் அண்ணன் அங்கேதான் இருந்தார். 1989-இல் அந்த நாடு லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தபோது அந்தக் கிட்டங்கிகள் இல்லை. போனது போனதுதான்.

தெற்கு வீதித் தம்பிக்கு ஒரு வார்த்தை. காலணாவுக்கு விளக்கு எரித்த பரம்பரை என்கிறீர்கள். உங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டின் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் விலை எழுதி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அது எந்தப் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டது?

அனுப்புநர்: தேரடி வீடு, பென்சில்வேனியா

எல்லோருக்கும் வணக்கம். தொழிலால் நான் கட்டடப் பொறியாளன். வேகத்தடை என்ற முடிவைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நம் வீடுகளுக்கு நாமே வைக்கும் உலை.

லாரி இரண்டு வழிகளில் சுவரைத் தொடுகிறது. ஒன்று காற்று வழியாக வரும் சத்தம். இன்னொன்று தரை வழியாக வரும் அதிர்வு. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் புகைக்குழாயில் ஒரு தட்டு மூடிக்கொள்கிறது. வெளியேற முடியாத புகை என்ஜினைத் திருப்பி அழுத்த, வண்டியின் வேகம் குறைகிறது. சைலன்ஸர் ஓட்டையாகவோ கழற்றப்பட்டோ இருந்தால் அந்தச் சத்தம் வீதியையே உலுக்கும். ஆச்சி வீட்டுக் கண்ணாடி நடுங்குவதற்கும் தூக்கம் கெடுவதற்கும் அது காரணமாக இருக்கலாம். ஆனால் அரை முழத்துக்கும் மேல் கனமான செங்கல் சுவரை அது பிளப்பதில்லை. பிளக்கும் வேலையைச் செய்வது சக்கரம். பாரம் ஏற்றிய டிப்பர் ஒரு குழியில் விழுந்தாலோ ஒரு மேட்டில் ஏறிக் குதித்தாலோ அந்த இடி தரை வழியாக அடித்தளத்துக்குப் போகிறது. விடுதி வாசலில் நீங்கள் கட்டப்போகும் மேடு, இரவு முழுவதும் ஒவ்வொரு லாரியையும் அங்கேயே குதிக்க வைக்கும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொல்லும் வட்ட மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நம் பக்கத்தில் போடுவதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தான திட்டு. மரபுக் கட்டடங்களின் அடித்தளத்தில் மெதுவான அதிர்வின் வேகம் விநாடிக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை. சாதாரணக் குடியிருப்புக்கு அதே தரநிலை 5 வரை விடுகிறது. பழைய சுவருக்கு ஏன் கூடுதல் கவனம் என்பது இதிலேயே தெரியும்.

பிரேக்கைத் திட்டுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1931-இல் கம்மின்ஸ் நிறுவனத்தின் கிளெஸ்ஸி கம்மின்ஸ் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், கடவையில் ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கியதுதான் 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த என்ஜின் பிரேக். எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதே வேலையைத்தான் வேறு விதத்தில் செய்கிறது. கரைச் சரிவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். அங்கே ஓட்டுநர் அதைப் போடாமலிருப்பதைவிடப் போடுவதே நல்லது. அமெரிக்காவில் பல சிற்றூர்களின் எல்லையில் என்ஜின் பிரேக் கூடாது என்று பலகை இருக்கும். அந்த விதிகளில் பலவும் சைலன்ஸர் சரியில்லாத வண்டிகளைத்தான் குறிவைக்கின்றன. ஆபத்து நேரத்துக்கு விலக்கும் தருகின்றன.

நமக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகியவற்றைக் காட்டி, குறிப்பிட்ட வகை வாகனங்கள் குறிப்பிட்ட சாலையில் போவதை அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரோ தடுக்க வழி செய்கிறது. ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூட வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் அவசரமின்றி ஹாரன் அடிப்பதும் குற்றம். அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2000 ரூபாயும் அபராதம். பாரம் குறைந்தால் சத்தமும் அதிர்வும் சேர்ந்தே குறையும்.

கட்டடப் பாதுகாப்பில் பெரியவர் சொன்னது உண்மை, எனக்கும் வலிக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அது விண்ணப்பத்துக்கான வரிசைதான். ஒரு தூணைக் கழற்றி விற்பதை அது தடுக்காது. மத்தியத் தொல்லியல் துறையின் 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை என்ற விதி அத்துறையின் நினைவுச்சின்னங்களுக்கு மட்டும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன் வழியாக நம் வீதியைக் கேட்டு மனுப் போடலாம், போட வேண்டும். அதுவரை இந்த வீடுகளுக்குக் காவல் பங்காளிகளின் கையெழுத்துதான். ஒரு வளவில் எத்தனை பங்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒப்பாமல் எதையும் கழற்றமாட்டோம் என்று எழுதிப் பதிவு செய்யுங்கள்.

விரிசலில் சிமெண்டு வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துப் பூச்சைத் தள்ளிவிடும். ஆச்சி சொன்ன அரசங்கன்றும் உடைந்த ஓடும் எல்லா லாரிகளையும்விடக் கொடியவை. முதலில் கூரை ஓடுகளைச் சரிசெய்து, கன்றை வேரோடு எடுத்து, சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரை வைத்துப் பூசுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சீட்டு ஒன்றைச் சுண்ணாம்பு கொண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் சீட்டு உடையும். அதுதான் ஆட்சியரிடம் காட்ட நம்மிடம் இருக்கும் சாட்சி. அதிர்வை அளந்து தரக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் கட்டடவியல் துறையிடம் கேட்கலாம். நம் பணம் போக வேண்டிய இடம் அது.

அனுப்புநர்: தெற்கு வீதி, மஸ்கட்

தேரடி வீட்டு அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. வேகத்தடையை விட்டுவிடுங்கள்.

பினாங்குப் பெரியவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தூண்களை விற்றது நான்தான். 2006-இல் வளவு ஓடு சரிந்தபோது பதினோரு பங்காளிகளுக்கும் கடிதம் எழுதினேன். பதில் வந்தது ஒருவரிடமிருந்து, அதுவும் பணம் இல்லை என்று. கூரை விழுந்தால் தூண் விறகாகும் என்ற நிலையில் விற்று, அந்தப் பணத்தில் எஞ்சிய முகப்பைக் காப்பாற்றினேன். கடித நகல்களும் ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன. பெரியவர் வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பதினோரு கடிதங்களில் ஒன்று பினாங்குக்குத்தான் வந்தது.

அனுப்புநர்: பெரிய வீடு, பினாங்கு

அந்தக் கடிதம் அப்பச்சி பெயருக்கு வந்திருக்கும். அவர்கள் அப்போது படுக்கையில் இருந்தார்கள். ரசீதை அனுப்புங்கள் தம்பி, என் பங்கை வட்டியோடு தருகிறேன். முகப்பை யாரும் தொடக்கூடாது.

அனுப்புநர்: செயலாளர், சிங்கப்பூர்

வேகத்தடை இல்லை. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் 115-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுக்கக் காரியக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். குழிகளை அடைக்கச் சாலைத் துறைக்குத் தனி மனு. படித்துறைக் கணக்கை இந்த மாத முடிவுக்குள் ஐந்தொகையாக இங்கே போடுகிறேன். அது வந்த பிறகு 3000 அனுப்புங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அனுப்புநர்: கிழக்கு வளவு ஆச்சி, லண்டன்

இரண்டாம் கட்டுச் சாவியை விடுதிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஓடு மாற்றும் செலவு முழுவதையும் நான் ஏற்கிறேன், யாரிடமும் பங்கு கேட்கமாட்டேன். ஆடி மழைக்கு முன் வேலை தொடங்க வேண்டும்.